டிரம்ஸ் இல்லாத மேடை

அர்ஜென்டினாவின் நடன இசையான டாங்கோவை அதன் புதிய வடிவத்தில் கேட்க நினைப்பவர்கள் பெரும்பாலும் 'லிபர்டாங்கோ'வில் நுழைகிறார்கள். 1974-ல் மிலான் நகரத்து ஸ்டுடியோவில் அர்ஜென்டினா இசையமைப்பாளர் ஆஸ்தோர் பியாசோலா பதிவு செய்தது. டிரம்ஸ் இருக்கும், எலெக்ட்ரிக் பேஸ் இருக்கும், ஒலி பளபளவென்று இருக்கும். கேட்டுவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். போனால் குற்றமில்லை. பியாசோலாவின் இசைக்கு எது உயிரோ அது அந்த இசைத்தட்டில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி மேடையில் இருக்கிறது, குறிப்பாக அவருடைய ஐவர் குழுவின் கச்சேரிப் பதிவுகளில்.

அந்த ஐந்து வாத்தியங்கள்: பாந்தோனியோன் (துருத்தியும் பொத்தான்களும் கொண்ட பெட்டி, பியாசோலா வாசிப்பது), வயலின், பியானோ, எலெக்ட்ரிக் கிட்டார், டபுள் பேஸ். தாள வாத்தியம் என்று ஒன்றுமே இல்லை. ஆனால் 1987 செப்டம்பர் 6-ம் தேதி நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடந்த கச்சேரியின் பதிவில் 'மிக்கேலாஞ்சலோ 70' வரும் இடத்தைப் போட்டுப் பாருங்கள். யாரோ டிரம்ஸ் வாசிப்பதாகவே காதுக்குத் தோன்றும்.

தாளத்தை யார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பதில்: ஆளுக்குக் கொஞ்சம். பியானோவின் இடது கையும் டபுள் பேஸும் சேர்ந்து அடித்தளம். அதன் மேல் எட்டு அரைத்தட்டுகளை மூன்று, மூன்று, இரண்டாகப் பிரித்த அழுத்தம். நம்மவர்களுக்கு இதை விளக்கத் தனியாக மெனக்கெட வேண்டாம். 'தகிட தகிட தக' என்று வாயால் சொல்லிக்கொண்டே கேட்டால் போதும், 'மிக்கேலாஞ்சலோ 70' முதல் நொடியிலிருந்தே பிடிபட்டுவிடும். சிக்கல் எங்கே வரும் என்றால், மெட்டு வாசிப்பவர் இந்த அழுத்தத்தோடு ஒட்டாமல் மிதக்க ஆரம்பிக்கும் இடத்தில். கீழே 'தகிட தகிட தக' இரும்பாக நிற்க, மேலே வயலின் தட்டுக்குப் பின்னால் தங்கித் தங்கி வந்து, சரியாக அடுத்த வட்டத்தின் தொடக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். ஸ்பானிய மொழியில் இதற்குப் பெயர் ஃப்ராசெயோ. நோட்டேஷனில் சம நீளத்தில் நான்கு சுரம் எழுதியிருக்கும். வாசிக்கும்போது முதலாவது தாமதமாக வரும், நடுவில் ஒன்று நீளும், கடைசி இரண்டும் ஓடிவந்து சேரும். எவ்வளவு தாமதம், எவ்வளவு ஓட்டம் என்பது காகிதத்தில் கிடையாது. மேற்கத்திய செவ்வியல் கலைஞர்கள் பியாசோலாவை அச்சுப் பிசகாமல் வாசிக்கும் இசைத்தட்டுகள் பல கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

வயலின்காரர் வில்லைத் தந்திகளின் குதிரைக்குப் பின்னால், அதாவது வழக்கமாக யாரும் வாசிக்காத குட்டைப் பகுதியில், வைத்துக் குட்டிக்குட்டியாக உரசினால் உலர்ந்த கரகரப்பு ஒன்று வரும். அதற்குச் சிச்சார்ரா என்று பெயர். சில்வண்டு என்று பொருள். ஒரு கச்சேரியில் சலங்கையோ மராக்காஸோ கேட்பதாகத் தோன்றினால் அது அநேகமாக இதுதான். மேல் தந்தியில் விரலைச் சரக்கென்று மேலே இழுத்தால் சாட்டை வீசிய சத்தம். இடது கை நகத்தை இரண்டு தந்திகளுக்கு நடுவில் கொடுத்து, வலது கையால் மீட்டினால் சிறு முரசுபோல ஒரு படபடப்பு. டபுள் பேஸ்காரர் வில்லைத் தந்தியில் எறிந்துவிட்டு, அடுத்த கணம் உள்ளங்கையால் தந்திகளை விரல்பலகையோடு சேர்த்து அறைவார். பாந்தோனியோன் பெட்டியைக் கையால் தட்டுவதும் உண்டு. இவை அலங்காரத்துக்காகச் சேர்த்தவை அல்ல. இந்த ஐந்து பேருக்கும் டிரம்ஸ் இவைதான்.

அடுத்தது அர்ராஸ்த்ரே, இழுவை. தட்டு விழுவதற்கு அரைத்தட்டு முன்பாகவே பேஸ் அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும், பியானோவின் தாழ்ந்த சுரங்கள் உருண்டு வரும், பாந்தோனியோனின் துருத்தி விரியத் தொடங்கும். எல்லாம் சேர்ந்து தட்டில் வந்து மோதும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இழுக்கத் தொடங்கி ஒரே நேரத்தில் மோத வேண்டும் என்றால் ஒருவர் தோளை மற்றவர் பார்த்தாக வேண்டும். ஸ்டுடியோவில் தடுப்புக்கு ஒருவராக, காதில் ஹெட்போனோடு உட்காரவைத்தால் மோதல் கச்சிதமாக இருக்கும், இழுவை மெலிந்துவிடும். மேடையில் மோதல் சில இடங்களில் மயிரிழை கலைந்திருக்கும், ஆனால் இழுவைக்கு எடை இருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எடையைத்தான் எடுக்க வேண்டும்.

இனி பாந்தோனியோன். நம் ஊர் ஆர்மோனியத்துக்குள் இருப்பது போன்ற உலோக நாக்குகள்தான் இதற்குள்ளும். ஜெர்மனியில் பிறந்த வாத்தியம். அர்ஜென்டினாக்காரர்கள் கொண்டாடுவது சாக்சனியில் கார்ல்ஸ்ஃபெல்டு என்ற ஊரில் ஆல்ஃபிரெட் அர்னால்டு பட்டறையில் செய்த 'டபுள் ஏ' வகையை. வலது கைக்கு 38 பொத்தான், இடது கைக்கு 33. மொத்தம் 71. துருத்தியை விரிக்கும்போது ஒரு பொத்தான் ஒரு சுரம் தரும். மூடும்போது அதே பொத்தான் பெரும்பாலும் வேறு சுரம் தரும். ஆக 142 சுரநிலைகள். ஒவ்வொன்றுக்கும் எட்டு சுரம் தள்ளி இரண்டு நாக்குகள் சேர்ந்து ஒலிக்கும். 284 எஃகு நாக்குகள். ஒரே ராகத்துணுக்கை வாசிக்க விரிப்பில் ஒரு விரல் கணக்கு, மூடலில் முற்றிலும் வேறு விரல் கணக்கு. படிப்பவர் நான்கு விசைப்பலகைகளை மனப்பாடம் செய்கிறார் என்று சொன்னால் மிகையில்லை.

இதனால் டாங்கோக்காரர்கள் பெரும்பாலும் விரிப்பிலேயே வாசிப்பார்கள். வாக்கியம் முடிந்ததும் வலது கட்டைவிரலால் காற்றுக் கதவின் நெம்புகோலை அழுத்தி, துருத்தியைச் சட்டென்று மூடிவிட்டு, அடுத்த வாக்கியத்தை மறுபடி விரிப்பில் தொடங்குவார்கள். அந்த மூடலின்போது 'ஸ்ஸ்' என்று ஒரு காற்று போகும். ஸ்டுடியோ பொறியாளர்கள் பலர் இதைக் குறையாக நினைத்துக் குறைத்துவிடுவார்கள். மேடைப் பதிவில் அது அப்படியே இருக்கும். 'மிலோங்கா தெல் ஆங்ஹெல்' போன்ற மெதுவான உருப்படியில் அந்த மூச்சைப் பின்தொடர்ந்தால், வாக்கியங்கள் எங்கே பிரிகின்றன, ஏன் அந்த நீளத்துக்கு மேல் போவதில்லை என்பதெல்லாம் தானாகப் புரியும். துருத்தி எவ்வளவு விரியுமோ அவ்வளவுதான் வாக்கியம்.

பியாசோலா நின்றுகொண்டு வாசிப்பவர். ஒரு காலை முக்காலி மேல் தூக்கி வைத்து, அந்தத் தொடையின் மேல் வாத்தியத்தைப் போட்டுக்கொள்வார். பெட்டியின் இரு முனைகளும் தொடைக்கு இருபுறமும் தொங்குவதால், விரிப்பதற்கு ஈர்ப்பு விசையும் கை கொடுக்கும். முழங்காலைச் சற்று எகிறவிட்டால் அதுவே ஓர் அழுத்தம். உட்கார்ந்து வாசிக்கும் பழைய பாணிக்கும் இவருடைய பாணிக்கும் ஒலியில் இருக்கும் வெட்டு இந்த நிலையிலிருந்தும் வருகிறது. வீடியோ கிடைத்தால் முகத்தைப் பார்க்காமல் முழங்காலைப் பாருங்கள். மற்ற நால்வரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒலிப்பதிவாளருக்கு இது கொடுமையான வாத்தியம். சத்தம் முன்பக்கமாக வருவதில்லை, இரண்டு முனைகளிலிருந்தும் வருகிறது. அதனால் முனைக்கு ஒரு மைக் வேண்டும். கிட்டே வைத்தால் பொத்தான்கள் 'டக்டக்' என்று தட்டச்சு இயந்திரம் போல் பதிவாகும். ஓரடி, ஒன்றரையடி தள்ளி வைத்தால் துருத்தி விரியும்போது முனை மைக்கை நெருங்கும், மூடும்போது விலகும். ஒலி ஏறி இறங்கும். பெட்டியிலேயே கவ்வும் குட்டி மைக் போட்டால் ஏற்ற இறக்கம் தீரும், டக்டக் திரும்பி வரும். இடது பக்கம் இயல்பிலேயே சற்று மூடிய குரல் கொண்டது, வலது பக்கம் கூர்மையானது. இதைத் தெரியாமல் இரண்டையும் ஒரே மாதிரி ஏற்றியவர்களின் பதிவில் அடிச்சுரங்கள் காணாமல் போயிருக்கும். ஹெட்போனில் கேட்கும்போது ஒரு சோதனை: ரசிகர் இருக்கையிலிருந்து பார்ப்பதுபோல் கலந்திருந்தால், கலைஞரின் வலது கையான மேல்சுரம் உங்கள் இடது காதில் விழ வேண்டும். தலைகீழாக இருந்தால் கலைஞரின் பக்கத்திலிருந்து கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தவறில்லை. ஆனால் வயலினும் பியானோவும் ஒரு கணக்கிலும் பாந்தோனியோன் வேறு கணக்கிலும் இருந்தால் மேடை மனத்தில் உருவாகாது.

இன்னொரு விஷயம். பாந்தோனியோனை மேடையில் சுருதி கூட்ட முடியாது. நாக்கைச் சுரண்டித்தான் சுருதி மாற்ற வேண்டும், அது பட்டறை வேலை. அதனால் மற்றவர்கள்தான் இதற்கு ஒத்துப்போக வேண்டும். கச்சேரி நடுவே ஒரு நாக்கு உடைந்தால் என்ன ஆகும்? அந்தச் சுரம் முழுதாகச் செத்துவிடாது. ஜோடியில் மற்ற நாக்கு மெலிசாக ஒலிக்கும், அதுவும் துருத்தியின் அந்த ஒரு திசையில்தான் குறை தெரியும். எதிர்த்திசையில் அதே சுரம் வேறு பொத்தானில் நல்லபடியாக இருக்கும். அனுபவசாலி அந்த வாக்கியத்தைத் திசை மாற்றி வாசித்துச் சமாளிப்பார். நல்ல பதிவுகளில் இதுமாதிரி திடீர்த் திசைமாற்றங்கள் காதில் படும். எல்லாமே உடைந்த நாக்கினால் அல்ல என்றாலும்.

எந்தப் பதிவுகளில் தொடங்கலாம்? முதலில் ஒரு எச்சரிக்கை. 1965-ல் வெளிவந்த தட்டு ஒன்றின் பெயரில் நியூயார்க் பில்ஹார்மானிக் ஹால் கச்சேரி என்று இருக்கும். அந்தக் கச்சேரி நடந்தது உண்மை. தட்டு மட்டும் ஊர் திரும்பியபின் புவெனஸ் ஐரிஸ் ஸ்டுடியோவில் பதிவானது. இசை அபாரம், ஆனால் மேடையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

உண்மையான மேடை வேண்டுமென்றால் 1970 மே 19, புவெனஸ் ஐரிஸில் தெயாத்ரோ ரெஹினா. 1965-க்கும் 1970-க்கும் இடையே தனித்தனியாக எழுதிய நான்கு பருவங்கள் பற்றிய உருப்படிகளையும் பியாசோலா ஒரே கச்சேரியில் வரிசையாக வாசித்தது அங்கேதான். வயலினில் அந்தோனியோ அக்ரி. பின்னால் அந்த இடத்துக்கு வந்த வயலின்காரர் சுவாரெஸ் பாஸைவிட இனிப்பான, நீளமான வில். பதிவின் ஒலி கொஞ்சம் உலர்ந்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

1977-ன் பாரிஸ் ஒலிம்பியா பதிவு எலெக்ட்ரானிக் எண்மர் குழுவினுடையது: சிந்தசைசர், டிரம்ஸ் எல்லாம் உண்டு. காலத்தின் ஆர்வக்கோளாறு என்று எண்ணிக் கடந்துவிடலாம். டிரம்ஸ் வந்ததும் இந்த இசை என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ள மட்டும் ஒருமுறை கேட்கலாம். சில்வண்டுக்கு அங்கே வேலையே இல்லை.

1978-ல் அமைந்த இரண்டாவது ஐவர் குழுதான் பொற்காலம்: பெர்னாந்தோ சுவாரெஸ் பாஸ் வயலின், பாப்லோ சீக்லர் பியானோ, எக்தோர் கொன்சோலே பேஸ், ஓஸ்கார் லோபெஸ் ரூயிஸ் கிட்டார், 1985 வாக்கில் அவர் இடத்தில் ஓராசியோ மல்விசினோ. 1983 அக்டோபரில் வியன்னா, லுகானோ இரண்டு ஊர்ப் பதிவுகளும் கிடைக்கின்றன. வியன்னா அரங்கத்தின் எதிரொலி இந்தக் குழுவுக்கு அளவான மெத்தை. 1986-ல் வியன்னாவில் மறுபடி வாசித்த 'திரிஸ்தேசாஸ் தே உன் தோப்ளே ஆ', 'ஒரு டபுள் ஏ-யின் துயரங்கள்', பாந்தோனியோனின் நீண்ட தனி ஆலாபனையோடு தொடங்கும். மேலே சொன்ன காற்று, பொத்தான், திசைமாற்றம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்க இதைவிட வசதியான இடம் இல்லை.

சென்ட்ரல் பார்க் பதிவு திறந்தவெளி. எதிரொலி கிடையாது, ஒவ்வொரு வாத்தியமும் கத்தி போல் தனித்து நிற்கும். நடுவில் பியாசோலா கூட்டத்தோடு ஆங்கிலத்தில் பேசுவார். சிறுவயதில் வளர்ந்த ஊர் ஆயிற்றே. ஜெர்மன் தேவாலயத்துக்காகப் பிறந்து புவெனஸ் ஐரிஸ் விலைமாதர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த வாத்தியம் என்று பாந்தோனியோனை அறிமுகம் செய்வார். பேச்சு என்று அதைத் தாண்டிவிடாதீர்கள். அந்தப் பேச்சுக்கு அப்புறம் கூட்டத்தின் அமைதி மாறியிருக்கும்.

'அதியோஸ் நோனினோ'வை மட்டும் இந்த எல்லாக் கச்சேரிகளிலிருந்தும் எடுத்து வரிசையாகக் கேட்கலாம். 1959-ல் அப்பா இறந்த செய்தி கேட்டு எழுதியது. நோனினோ என்பது அப்பாவின் செல்லப்பெயர். பியானோவின் நீண்ட முன்னுரை 1969-ல் தாந்தே அமிக்காரெல்லிக்காக எழுதிச் சேர்த்தது. சீக்லர் கையில் அது ஊருக்கு ஊர் மாறும். சில நாள் ஜாஸ் பக்கம் சாய்வார், சில நாள் நேராக உள்ளே போவார். பிறகு வயலின் அந்த நீளமான மெட்டைத் தொடங்கும் நொடியில் கூட்டத்திலிருந்து சன்னமாக ஒரு கைதட்டல் எழுந்து உடனே அடங்கும். 'இதுதானே' என்று அடையாளம் கண்ட தட்டல். நம் சபாக்களில் ராகத்தின் முதல் பிடியிலேயே தலைகள் ஆடுமே, அது.

ஒரே கச்சேரி ஐந்தாறு பெயரில், ஐந்தாறு அட்டையில் விற்கும் என்பதால் தேதியைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: கலைஞர் பட்டியலைப் பாருங்கள். கிட்டார் லோபெஸ் ரூயிஸ், பியானோ சீக்லர் என்றால் 1978-லிருந்து 1985-க்குள். மல்விசினோவும் சீக்லரும் என்றால் அதற்குப் பின். வயலினே இல்லாமல் செல்லோவும் இரண்டாவது பாந்தோனியோனும் பியானோவில் ஹெரார்தோ காந்தினியும் இருந்தால் அது 1989-ன் அறுவர் குழு. இருதய அறுவைக்குப் பிந்தைய, இருண்ட, கரடுமுரடான பியாசோலா. முதலில் கேட்க வேண்டியது அல்ல. கடைசியில் போய்ச் சேர வேண்டியது.

திருட்டுத்தனமாக ஒலிநாடாவில் எடுத்த பதிவுகளில் இன்னொரு கோளாறு உண்டு. நாடாவின் வேகம் பிசகியிருக்கும், சுருதி ஏறியிருக்கும். போனில் டியூனர் செயலியைத் திறந்து, பாந்தோனியோன் தனியாக நீட்டும் ஒரு சுரத்தைப் பிடியுங்கள். 'ஏ' சுரத்துக்கு 440-லிருந்து 443 ஹெர்ட்ஸ் வரை என்ற கணக்கை விட்டு முள் எங்கோ நின்றால் வேகம் தப்பு. "அன்றைக்கு என்ன வேகம் வாசித்திருக்கிறார்கள்!" என்று வியப்பதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

கேட்கும் செயலியில் மூன்று அமைப்புகளை மாற்ற வேண்டும். பாட்டுக்குப் பாட்டு ஒலியைச் சமன் செய்யும் வசதியை நிறுத்துங்கள், அல்லது ஆல்பத்துக்கு மொத்தமாக என்று வையுங்கள். இல்லாவிட்டால் மெதுவான 'மிலோங்கா தெல் ஆங்ஹெல்' செயற்கையாக உயர்ந்து, அடுத்து வெடிக்கும் 'முயெர்தே தெல் ஆங்ஹெல்' தணிந்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்கே காணாமல் போய்விடும். பாட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கலக்கும் வசதியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இடைவெளியின்றித் தொடரும் வசதியைப் போட்டுவையுங்கள். கைதட்டல் பாதியில் அறுபடாது. கலைத்துப் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவ்வளவு கவனமாக அடுக்கிய வரிசை அது.

பியாசோலாவுக்கு வெளியே போக வேண்டுமென்றால் ஒஸ்வால்தோ புக்லியேசே. டாங்கோ குழு நடத்திய பியானோ கலைஞர், 1905-ல் பிறந்தவர், கம்யூனிஸ்ட்; சிறையில் இருந்த நாட்களில் அவரில்லாமலே வாசித்த குழு பியானோ மேல் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவை வைத்திருக்கும். பல பத்தாண்டுகள் நடன அரங்குகளில் ரசிகர்கள் "அல் கொலோன்!" என்று கத்துவார்கள், கொலோன் அரங்குக்குப் போ என்று. புவெனஸ் ஐரிஸின் மிகப் பெரிய ஆப்பரா அரங்கம் அது. 1985 டிசம்பர் 26-ல் உண்மையிலேயே போனார். அந்தப் பதிவில் அவருடைய 'லா யும்பா' வரும்போது கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்காது. 'யும்' என்ற அழுத்தத்தில் மொத்த வாத்தியக் குழுவும் இழுவையோடு விழும், 'பா'வில் பியானோவின் அடித்தொண்டை மட்டும் முனகும். அதைச் சுற்றி ரசிகர்களின் கூச்சல். ஸ்டுடியோவின் 1946 பதிவு கச்சிதம். ஆனால் 1985-ல்தான் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று விளங்குகிறது.

இன்றைய குழுக்களில் ஓர்க்கெஸ்தா திப்பிகா பெர்னாந்தெஸ் பியெர்ரோ இந்தப் புக்லியேசே வழி வந்தது. நான்கு பாந்தோனியோன் வரிசையாக முன்னால், பின்னால் தந்தி வாத்தியங்கள், பியானோ, பேஸ், ஒரு பாடகர். தங்களுக்கென்று சொந்தமாகவே ஒரு கச்சேரிக் கூடம் வைத்திருக்கிறார்கள். ராக் கச்சேரி அளவுக்குச் சத்தம், அதே சமயம் டிரம்ஸ் இல்லை. நேரடிப் பதிவுகளைத்தான் தேட வேண்டும். எலெக்ட்ரானிக் டாங்கோ குழுக்களின் கதை வேறு. கணினியில் ஓடும் லூப்புக்கு மூச்சு கிடையாது. அது யாருக்காகவும் நிற்காது. மேடையில் பாந்தோனியோன்காரர் தட்டுக்குப் பின்னால் தங்க நினைத்தாலும் இயந்திரம் போய்க்கொண்டே இருக்கும். ஆடுவதற்கு நன்றாக இருக்கும். கச்சேரியாகக் கேட்க ஸ்டுடியோத் தட்டே போதும்.

கடைசியாக ஒன்று. 1989 ஜூன் 29, ஆம்ஸ்டர்டாம் கர்ரே அரங்கம். புக்லியேசே குழுவும் பியாசோலாவின் அறுவர் குழுவும் ஒரே இரவில். முடிவில் இரண்டு குழுவும் சேர்ந்து 'லா யும்பா'வையும் 'அதியோஸ் நோனினோ'வையும் வாசிக்கின்றன. மேடை நெரிசலாக இருக்கிறது, ஒலிக்கலவை குழம்புகிறது, தொடக்கங்கள் எல்லாம் ஒன்றாக விழுவதில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அறையில் ஸ்பீக்கரில், கொஞ்சம் சத்தமாக வைத்து இதைக் கேளுங்கள்; பேஸ்கள் இழுக்கத் தொடங்கும் அந்த அரைத்தட்டில் தரை லேசாக அதிரும்.